அடுத்த வேளைச் சோறு யார் கணக்கில்?

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் போக்கிடம் இல்லாதவர்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஒர்க்ஹவுஸ் என்று பெயர். அதன் சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்தால் தேதி, கிழமை, பெயர், தொழில், மதம், பிறந்த ஆண்டு, எந்தப் பாரிஷிலிருந்து (தேவாலய ஊர்வட்டம்) வந்தவர், யார் உத்தரவின் பேரில், என்ன காரணத்துக்காக என்று கட்டம் கட்டமாக ஓடும். நடுவே ஒரு கட்டம் படிப்பவரை நிறுத்தும்: சேர்ந்தபின் உண்ணும் முதல் வேளை எது? எழுத்தர் அதில் காலை என்றோ மதியம் என்றோ இரவு என்றோ ஒரு சொல் குறித்திருப்பார். வெளியே போகும்போதும் இப்படித்தான். போவதற்கு முன் கடைசியாக உண்ட வேளை எது என்று எழுதியாக வேண்டும்.

ஒருவர் தன் வாழ்நாளின் மிக மோசமான நாளில் வாசலில் வந்து நிற்கிறார். அவரைப் பற்றி அரசு அறிய விரும்பியவற்றில் இதுவும் ஒன்று. படிக்கையில் மனம் கசக்கும். ஆனால் அந்தக் கட்டம் எதற்காகப் போடப்பட்டது என்று புரிந்துகொண்டவருக்கு மற்றப் பதிவேடுகள் எங்கே கிடக்கும் என்பதும் பிடிபட்டுவிடும்.

ஏழைகளைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை என்று பொதுவாக நம்புகிறோம். இங்கிலாந்தைப் பொறுத்தவரை அது சரியில்லை. ஓரளவு வசதியாக வாழ்ந்த ஒரு கடைக்காரரைப் பற்றிப் பிறப்பு, திருமணம், இறப்பு, பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு என்று ஏழெட்டு வரி தேறினால் அதிகம். அதே தெருவில் கஞ்சிக்கு வழியில்லாமல் கிடந்த ஒருத்தியைப் பற்றி முப்பது பக்கம் கிடைக்கலாம். அவளுக்காக யாரோ செலவழித்தார்கள். செலவழித்தவர்கள் கணக்கு வைத்தார்கள். காணாமல்போன மூதாதையைத் தேடுகிறவர்கள் 'அவர் எங்கே போனார்' என்றுதான் கேட்கத் தொடங்குகிறார்கள். 'அவருக்கு அடுத்த வேளைச் சோறு யார் கணக்கில் போயிற்று' என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும் என்பது என் கட்சி.

கணக்கு யாருடையது என்பதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். 1834ஆம் ஆண்டின் ஏழைச் சட்டத் திருத்தம் இங்கிலாந்து, வேல்ஸ் பாரிஷ்களை ஒன்றுசேர்த்து யூனியன்களாக்கியது. நம் ஊராட்சி ஒன்றியத்தைப் போன்ற அமைப்பு. மொத்தம் சுமார் 600. யூனியனுக்கு ஒரு ஒர்க்ஹவுஸ், அதை மேற்பார்க்க ஒரு காப்பாளர் குழு. உள்ளே நுழைந்ததும் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். வெளியே கிடைக்கும் ஆகக் கடைசிக் கூலிப் பிழைப்பைவிட உள்ளே இருக்கும் வாழ்க்கை தாழ்ந்ததாக இருக்க வேண்டும் என்பதே கொள்கை. அப்போதுதான் வேறு வழியே இல்லாதவர் மட்டும் கதவைத் தட்டுவார் என்று நினைத்தார்கள். செலவு முழுக்க உள்ளூர் வரிப்பணம். ஆகவே வந்து நிற்பவர் நம் ஊர்க்காரர்தானா, பக்கத்து ஊரார் நம் தலையில் கட்டிவிட்டார்களா என்று பார்ப்பதில் அத்தனை கறார்.

இந்த ஊர்ப் பாத்தியதைச் சண்டை 1662ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு. உதவி கேட்டவரை நீதிபதிகள் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கி விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், உன் தகப்பன் எந்த ஊரில் என்ன வாடகைக்கு இருந்தான், யாரிடம் தொழில் பழகினாய், எந்த எஜமானிடம் முழுதாக ஓராண்டு வேலை பார்த்தாய், எந்தக் கோயிலில் கல்யாணம் செய்தாய்? அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஊரின் பெயர். பணத்தை அந்த ஊரிடம் வாங்க வேண்டும், அல்லது ஆளையே அங்கே அனுப்ப வேண்டும். நமக்குக் கிடைப்பதோ எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலியாளின் தன்வரலாறு, அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறியோடு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு நேர் எதிரான சரக்கு. யாரிடமும் யாரும் பணம் கேட்கப் போவதில்லை; பத்தாண்டுக்கு ஒரு இரவு, யார் யார் எந்தக் கூரையின் கீழ் படுத்திருந்தார்கள் என்று எண்ணுவதோடு சரி. 1801இல் தொடங்கினாலும் நாடு முழுக்கப் பெயர் எழுதிவைத்தது 1841இலிருந்துதான். அந்த ஆண்டுக் கணக்கில் ஒரு வேடிக்கை: 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். யாருக்கு யார் என்ன உறவு என்றும் கேட்கவில்லை. 1851இலிருந்து வயது, உறவு, பிறந்த பாரிஷ் எல்லாம் வருகின்றன. அந்த வயதையும் நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். பத்தாண்டுக்குப் பிறகு வந்த கணக்கில் ஏழு வயது மட்டுமே கூடியிருக்கும் பெண்கள் அங்கும் உண்டு. வீட்டுக்காரர் நிரப்பித் தந்த தாளைப் பார்த்துக் கணக்கெடுப்பாளர் ஏட்டில் நகலெடுப்பார். நகலெடுத்ததும் மூலத்தாள் குப்பைக்குப் போய்விடும். லண்டன் அலுவலகத்தில் எண்ணிக்கை சரிபார்த்த எழுத்தர்கள் ஒவ்வொரு வயதின் மேலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்கள். இன்று 3 எது, 8 எது என்று கண்ணைக் கசக்குவது அந்தக் கோட்டின் உபயம்.

குடும்பத்தின் கையெழுத்தே தப்பியது 1911இல்தான். அந்தத் தாளில் மணமான பெண்கள், எத்தனை ஆண்டு இல்லறம், எத்தனை குழந்தை பிறந்தன, எத்தனை போயின என்று சொல்ல வேண்டும். விதவைகளிடம் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் நிரப்பிய விதவைகள் பலர். அதிகாரி அந்த விடையை அடித்துவிட்டிருப்பார். அடித்த கோட்டுக்குக் கீழே எண்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. 1931ஆம் ஆண்டுக் கணக்கு மொத்தமும் 1942இல் ஹேய்ஸ் என்ற இடத்தில் தீயில் போயிற்று. போர்க்காலம்தான், ஆனால் குண்டு விழுந்து எரியவில்லை. சாதாரணத் தீ விபத்து.

இந்த ஏடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தை எவ்வளவு காட்டும், எங்கே கைவிடும் என்பதற்கு உலகறிந்த ஒரு பிள்ளையின் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். சார்லி சாப்ளின்.

1891 ஏப்ரல் 5ஆம் தேதி இரவுக் கணக்கில், தெற்கு லண்டன் வால்வொர்த்தின் பார்லோ தெருவில் ஹன்னா சாப்ளின் இரண்டு மகன்களோடு இருக்கிறார். கணவர் அங்கே இல்லை. அடுத்த கணக்கெடுப்பில், 1901 மார்ச் 31 அன்று, சார்லி மட்டும் லாம்பெத்தின் ஃபெர்ண்டேல் சாலையில் 'எட்டு லங்காஷயர் பையன்கள்' என்ற நடனக் குழுவோடு தங்கியிருக்கிறான். அதற்கடுத்த 1911 கணக்கெடுப்பு இரவில் அவர் இங்கிலாந்திலேயே இல்லை. முந்தைய ஆண்டே ஃப்ரெட் கார்னோவின் நாடகக் குழுவோடு அமெரிக்கா போயாயிற்று. கணக்கெடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு சார்லியின் கதையை எழுதினால் கிடைப்பது இரண்டே காட்சி: அம்மாவோடு குழந்தை, பத்தாண்டு கழித்து அந்நியரோடு சிறுவன். இடையில் நடந்தது முழுவதும் ஒர்க்ஹவுஸ் ஏடுகளில் இருக்கிறது.

பெயர்ச் சிக்கல் முதலில் வரும். ஹன்னா பிறந்தது ஹில் என்ற குடும்பத்தில், 1865இல்; அப்பா செருப்புத் தொழிலாளி. மேடையில் அவர் லில்லி ஹார்லி. 1885 ஜூனில் மணமானபின் சாப்ளின். மூத்த மகன் சிட்னி அந்தத் திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பு பிறந்தவன். பிறப்புப் பதிவில் ஹில், பள்ளிப் பதிவில் சாப்ளின். ஹன்னாவின் அம்மா மேரி ஆனோ முதல் கணவரை இழந்து மறுமணம் செய்தவர். அவருக்கும் ஒரு பெயரோடு நிற்கவில்லை. தேடுபெட்டியில் ஒரு பெயரைத் தட்டிவிட்டு, கிடைக்கவில்லையே என்று ஓய்ந்துபோகிறவர்கள் முதலில் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

1895 ஜூன் கடைசியில் ஹன்னா லாம்பெத் ஏழைகள் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தார். சிட்னி ஒர்க்ஹவுஸுக்குப் போனான். சார்லியை உறவினர் ஒருவர் வைத்துக்கொண்டார். மறு ஆண்டு மே இறுதியில் சிறுவர்கள் இருவருமே சவுத்வார்க் ஒர்க்ஹவுஸ் பதிவேட்டில் ஏறினார்கள். ஜூன் 18 அன்று ஹான்வெல்லில் இருந்த ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அண்ணனுக்கு 11 வயது, தம்பிக்கு 7. குதிரை பூட்டிய ரொட்டி வண்டியில் போனதாகச் சாப்ளின் தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். சார்லி அங்கே 1898 ஜனவரி வரை இருந்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டு பிள்ளைகளின் சோறும் துணியும் சவுத்வார்க் வரிதாரர் தலையில். ஆனால் அவர்களுக்கு அப்பா இருக்கிறார். மேடைப் பாடகர், ஓரளவு பெயர் பெற்றவர். காப்பாளர் குழு அவரிடம் வாரம் 15 ஷில்லிங் கேட்டது. அவர் தரவில்லை. பாக்கி ஏற ஏறக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பிடிவாரண்டு பிறந்தது, பிடித்துத் தருவோருக்கு ஒரு பவுண்டு வெகுமதி என்று அறிவிப்பும் வந்தது. 1897 இறுதியில் அவருடைய அண்ணன் பாக்கியைக் கட்டிக் காப்பாற்றினார். குடும்பத்தை விட்டுப்போன தகப்பன்மார் பொதுவாகக் கணக்கெடுப்பிலிருந்து நழுவிவிடுவார்கள். விடுதியறையில் வேறு பெயர் சொல்லிக்கொண்டு படுத்திருப்பார்கள். காப்பாளர் குழு மட்டும் அவர்களை விடாது. மனைவியின் கண்ணீரால் ஆகாததை வரிப்பணம் செய்தது என்று சொல்லலாம், அதுவும் அரைகுறையாகத்தான்.

1898 ஜூலை 22 அன்று மூவரும் மறுபடி ஒர்க்ஹவுஸில், இம்முறை லாம்பெத்தில். எட்டு நாளில் பிள்ளைகளை நார்வுட் பள்ளிக்கு மாற்றினார்கள். ஆகஸ்ட் 12 அன்று பதிவேட்டில் ஒரு விசித்திரம்: மூவரும் வெளியேறியதாகப் பதிவாகிறது, கையோடு திரும்பச் சேர்ந்ததாகவும் பதிவாகிறது. ஏட்டை மட்டும் பார்க்கிறவர் எழுத்தர் தவறு செய்துவிட்டார் என்று கடந்துபோவார்.

அந்த நாளைச் சாப்ளின் 1964இல் வெளியான சுயசரிதையில் விவரிக்கிறார். பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஏக்கம். தான் வெளியேறப் போவதாக ஹன்னா விடுதியில் சொல்லிவிட்டார். ஒர்க்ஹவுஸ் விதிப்படி குடும்பத்தோடு வந்தவர் வெளியேறினால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் செலவு ஊர்மேல் விழுமே! அந்த விதியையே அவர் பிடித்துக்கொண்டார். கிருமி நீக்கிச் சுருட்டிவைத்திருந்த சொந்தத் துணிகளைக் கசங்கலோடு உடுத்திக்கொண்டு மூவரும் வாசலில் சந்தித்தார்கள். சிட்னியின் கையில் ஒன்பது பென்ஸ். கென்னிங்டன் பூங்காவுக்குப் போய் அரைப் பவுண்டு செர்ரிப் பழம் வாங்கித் தின்றார்கள். செய்தித்தாளைச் சுருட்டிக் கயிறு கட்டிப் பந்தாக்கிப் பிடித்து விளையாடினார்கள். மதியம் ஒரு காப்பிக் கடையில் கையிலிருந்த மிச்சக் காசுக்குத் தேநீரும் கருவாடும் கேக்கும். மாலைத் தேநீர் வேளைக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். அதிகாரிகளுக்கு ஆத்திரம், துணியை மறுபடி ஆவியில் வேகவைக்க வேண்டும், சேர்க்கைப் படிவம் எல்லாம் புதிதாக எழுத வேண்டும். சேர்ந்தபின் உண்ணும் முதல் வேளை எது என்ற கட்டத்தையும் சேர்த்துத்தான்.

இப்படி அடிக்கடி போவதும் வருவதுமாக இருந்தவர்களுக்கு விடுதி எழுத்தர்கள் வைத்திருந்த பெயர் நம் சீட்டாட்டச் சொல்லேதான்: 'உள்ளே வெளியே'. சோம்பேறிகள், விடுதியைச் சத்திரமாக நினைக்கிறவர்கள் என்று அன்றைய அறிக்கைகள் அவர்களைத் திட்டின. பதிவேட்டில் ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று முறை வெளியேறியிருப்பதைக் கண்டால் இன்றைய ஆய்வாளரும் அவசரப்பட்டுக் குடிகாரர் என்று முடிவு கட்டிவிடுகிறார். பிள்ளைகளை ஒரு பகல் பார்ப்பதற்கும் அதே வழிதான் இருந்தது.

நினைவும் ஏடும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது அபூர்வம். பொருந்தாத கதைக்கு ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி. ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிப் பிடித்துப் புகழடைந்த அவர், 1841இல் வேல்ஸின் டென்பி ஊரில் ஜான் ரோலண்ட்ஸ் என்ற பெயரில், மணமாகாத தாய்க்குப் பிறந்தவர். ஆறு வயதில் செயின்ட் ஆசஃப் ஒர்க்ஹவுஸில் விட்டுவிட்டார்கள். அங்கிருந்த ஆசிரியர் ஜேம்ஸ் ஃப்ரான்சிஸ் கொடூரமானவர் என்றும், ஒருநாள் அவரை அடித்து வீழ்த்திவிட்டுச் சுவரேறித் தப்பியதாகவும் ஸ்டான்லி எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1909இல் அந்தச் சுயசரிதை வெளிவந்தது. டிக்கன்ஸ் நாவலில் வர வேண்டிய காட்சி. பதிவேடோ 1856 மே மாதத்தில் அவன் ஹோலிவெல் பள்ளியில் இருக்கும் உறவினரிடம் போனதாக அமைதியாகச் சொல்கிறது. எனக்கு ஏட்டின்மேல்தான் நம்பிக்கை. ஆனால் ஃப்ரான்சிஸைப் பற்றிய ஒரு செய்தியும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது: பின்னாளில் அவர் டென்பி மனநோய் விடுதியில்தான் இறந்தார். அடித்து வீழ்த்தியது கற்பனையாக இருக்கலாம். அந்த ஆசிரியரைக் கண்டு பிள்ளைகள் நடுங்கியது கற்பனை என்று பதிவேட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதற்கு அங்கே கட்டம் கிடையாது.

ஒர்க்ஹவுஸின் நிழல் பிறப்புச் சான்றிதழ்வரை விழுந்தது. அங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறந்த இடம் ஒர்க்ஹவுஸ் என்று எழுதினால் ஆயுள் முழுக்க அவமானம் என்பதால், 1904இலிருந்து சாதாரணத் தெரு முகவரி போல ஒன்றை எழுதும்படி பதிவாளர்களுக்குச் சொல்லப்பட்டது. பாட்டி பிறந்த 'வீட்டை'த் தேடிப்போன பேரப்பிள்ளைகள் பிரமாண்டமான ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் முன் போய் நிற்பது இதனால்தான். 1930இல் ஒர்க்ஹவுஸ் முறை ஒழிந்தபின் பல கட்டடங்கள் ஆஸ்பத்திரிகளாகிவிட்டன. கதை நம் கீழ்ப்பாக்கம் போலத்தான். கட்டடம் மாறினாலும் முதியவர்கள் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கும்.

மனநோய் விடுதிப் பதிவேடுகள் இன்னும் கனமானவை. 1845ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கவுண்டியும் ஏழை மனநோயாளிகளுக்கு விடுதி கட்டியாக வேண்டும். மறு ஆண்டிலிருந்து நாடு முழுக்கச் சேர்ந்தவர்களின் பெயர், விடுதி, சேர்ந்த நாள், போன நாள் அல்லது இறந்த நாள் எல்லாம் மையப் பதிவேடுகளில் ஏறின. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்எச் 94 என்ற வரிசையில் அவற்றைப் பார்க்கலாம். விடுதியின் நோயாளிக் குறிப்பேடு கிடைத்தால் புகைப்படம்கூட இருக்கக்கூடும்; ஏழைக் குடும்பத்தில் அந்த மனுஷிக்கு ஆயுளில் எடுத்த ஒரே படம் அதுவாகவே இருக்கும். நோயாளி ஆவணங்கள் பொதுவாக நூறாண்டு மூடிவைக்கப்படும்.

இங்கேயும் பணம் ஆளை நகர்த்தியது. ஒர்க்ஹவுஸில் ஒருவரை வைத்திருப்பது மலிவு, அசைலம் எனப்பட்ட மனநோய் விடுதியில் வைப்பது செலவு. அதனால் யாருக்கும் தொந்தரவு செய்யாத முதியவர்கள், மறதி நோயாளிகள் எல்லாம் ஒர்க்ஹவுஸ் மூலையிலேயே கிடந்தார்கள். 1874இல் அரசு, அசைலத்தில் இருக்கும் ஒவ்வொரு ஏழைக்கும் வாரம் 4 ஷில்லிங் மானியம் என்று அறிவித்தது. அதற்கப்புறம் மூலையில் கிடந்தவர்கள் அசைலத்தை நோக்கி நகரத் தொடங்கினார்கள். 1871 கணக்கெடுப்பில் ஒர்க்ஹவுஸில் இருந்த பாட்டி 1881இல் முப்பது மைல் தள்ளி அசைலத்தில் இருந்தால், இடையில் அவருக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. மானியம் வந்திருக்கலாம்.

கணக்கெடுப்பிலும் அசைலம் ஒரு பொறி. பல விடுதிகளில் கண்காணிப்பாளர் நோயாளிகளின் பெயரை எழுதாமல் முதலெழுத்துகளை மட்டும் எழுதிக் கொடுத்தார். குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணம். நம் ஊரில் இனிஷியல் அப்பன் பெயரைச் சொல்லும். அங்கே இனிஷியல் ஆளையே மறைத்தது. ஆகவே பெயர் தட்டித் தேடுவதில் பயனில்லை. முதலெழுத்து, வயது, பழைய தொழில், பிறந்த ஊர் நான்கும் பொருந்தும் ஆளைப் பிடித்து, விடுதியின் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வீடுகளில் இன்னொரு வித மறைப்பு. 1871இலிருந்து கணக்கெடுப்புத் தாளில் வீட்டில் மனநோயாளி உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. எத்தனை வீட்டுக்காரர்கள் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

சாப்ளின் குடும்பத்தில் அசைலத்துக்கு முதலில் போனவர் பாட்டி மேரி ஆன். 1893இல் பான்ஸ்டெட் விடுதி, இரண்டாண்டில் மரணம். ஹன்னாவை 1898 செப்டம்பரில், அந்தப் பூங்கா நாளுக்கு ஒரு மாதம் கழித்து, கேன் ஹில் விடுதிக்கு அனுப்பினார்கள். நவம்பரில் திரும்பினார். 1903 மேயில் மறுபடி. அப்போது சிட்னி கப்பல் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் இருந்தது 14 வயது சார்லி மட்டும்.

ஏழை ஒருவரை அசைலத்தில் சேர்க்க நிவாரண அதிகாரி, நீதிபதி, மருத்துவர் மூவரின் தாள்கள் வேண்டும். படிவத்தில் வயது, முதல் தாக்குதலா, எவ்வளவு நாளாக, காரணம் என்னவென்று ஊகம், தற்கொலை எண்ணம் உண்டா, பிறருக்கு ஆபத்தா, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கட்டங்கள். மருத்துவர் தானே கண்டதை ஓரிடத்தில் எழுத வேண்டும். மற்றவர் சொல்லக் கேட்டதை, சொன்னவர் பெயரோடு, இன்னோரிடத்தில் எழுத வேண்டும். 1903 மே மாதத் தாளில் அந்த இரண்டாம் இடத்தில் சொன்னவர் பெயர் சார்லஸ் சாப்ளின், மகன். செத்துப்போனவர்களைப் பற்றி அம்மா பேசிக்கொண்டே இருப்பதாகவும், அவர்கள் சன்னல் வழியே பார்ப்பதாக நினைப்பதாகவும், அறிமுகம் இல்லாதவர்களின் அறைக்குள் போவதாகவும் அவன் சொல்லியிருக்கிறான். அறுபதாண்டு கழித்துச் சுயசரிதையில் அதே நாளை எழுதும்போது சாப்ளினுக்கு நினைவில் நின்றது வேறு: அம்மா தெருப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று கரித்துண்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று அண்டை வீட்டுக் குழந்தைகள் வாசலில் வந்து சொன்னது. தான் அவளைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிவரை நடத்திக் கூட்டிப்போனதும் நினைவிருந்தது. மருத்துவரிடம் என்ன சொன்னோம் என்பதை ஏடு மட்டுமே வைத்திருந்தது.

இடையில் வெளியே வந்த ஹன்னா 1905இலிருந்து மறுபடி கேன் ஹில்லில்தான். 1911 ஏப்ரல் 2 இரவுக் கணக்கெடுப்பும் அங்கேதான். 1912இல் மகன்கள் கையில் காசு சேர்ந்தது. அம்மாவைத் தனியார் விடுதிக்கு மாற்றினார்கள். 1921இல் கலிபோர்னியா, 1928இல் மரணம்.

தமிழ் வாசகர் இதையெல்லாம் படித்துவிட்டு நம் கணக்கெடுப்பில் கொள்ளுத்தாத்தாவைத் தேடக் கிளம்ப வேண்டாம். இந்தியாவில் 1871 முதல் எண்ணினார்கள். அட்டவணை போட்டு முடித்ததும் ஆள்வாரித் தாள்களை அழித்துவிட்டார்கள். நம் ஏழைகள் பெயரோடு ஏறியது வேறு ஏடுகளில். 1860இலிருந்து 1911வரை நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடலில் உள்ள தழும்பு எல்லாம் உண்டு. வட ஆற்காட்டுச் சொந்த ஊரில் அந்த மனிதர் பெயரை யாரும் எழுதிவைக்காமல் இருந்திருக்கலாம். தோட்ட முதலாளி அவருக்காகப் பயணச் செலவு ஏற்றுக்கொண்டதும் காலில் இருந்த வடு முதற்கொண்டு எழுதினார்கள்.

இவ்வளவு ஏடுகளில் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சார்லி சாப்ளினுக்குப் பிறப்புப் பதிவு மட்டும் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் பிறப்பைப் பதிவது 1837 ஜூலையில் தொடங்கியது. 1875இலிருந்து பதியாவிட்டால் பெற்றோருக்கு அபராதம். 1889இல் பிறந்த குழந்தையைப் பதியாமல் விட்டது சட்டப்படி குற்றம்தான். ஆனால் நாடோடி மேடைக் கலைஞர்களை யார் துரத்துவது? அந்தப் பிறப்பால் எந்தக் காப்பாளர் குழுவுக்கும் ஒரு பென்னி செலவில்லை. ஒர்க்ஹவுஸில் பிறந்திருந்தால் தேதி, பதிவேட்டு எண், ஞானஸ்நானம் எல்லாம் இருந்திருக்கும்.

1952இல் அமெரிக்க அரசின் சந்தேகத்தைத் தீர்க்க பிரிட்டிஷ் உளவுத்துறை எம்ஐ5 அந்தப் பிறப்புப் பதிவைத் தேடியது. லண்டன் பதிவகத்தில் அலசினார்கள். வேறு பெயரில் பிறந்திருப்பாரோ, பிரான்சில் பிறந்திருப்பாரோ என்ற வதந்திகளையும் விசாரித்தார்கள். ஒன்றும் தேறவில்லை. அந்தக் கோப்பு 2012இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு செய்தி கிளம்பியிருந்தது. சாப்ளின் இறந்தபின் மகளுக்கு வந்த மேசையின் பூட்டிய இழுப்பறையில் ஒரு கடிதம். 1970களில் யாரோ ஒருவர் எழுதியது: நீங்கள் லண்டனில் பிறக்கவில்லை, பர்மிங்ஹாம் அருகே ஸ்மெத்விக்கின் பிளாக் பேட்ச் என்ற இடத்தில் ஜிப்ஸி வண்டியொன்றில் பிறந்தீர்கள். கடிதத்துக்கு வேறு ஆதாரம் கிடையாது. ஆனால் எத்தனையோ ஆயிரம் ரசிகர் கடிதங்களுக்கு நடுவே சாப்ளின் அதை மட்டும் பூட்டிவைத்திருந்தார்.

அவர் பிறப்பைப் பற்றி அக்காலத்தில் அச்சான ஒரே செய்தி, 'தி மேக்னட்' என்ற மேடைக் கலைஞர் வாரப் பத்திரிகையின் 1889 மே 11 இதழில் வந்த ஒரு சிறு குறிப்பு. சார்லஸ் சாப்ளினின் மனைவிக்கு, அதாவது லில்லி ஹார்லிக்கு, ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் நலம் என்கிறது. ஊர் இல்லை, தெரு இல்லை. பிறந்த தேதி ஏப்ரல் 15 என்று போட்டிருக்கிறது. சாப்ளின் தன் பிறந்தநாள் என்று கடைசிவரை சொன்னது ஏப்ரல் 16.